ஹாமலின் குடாவா, ஃபிளிண்டர்ஸ் குடாவா? மாதத்தைச் சொல்லுங்கள், இடத்தைச் சொல்கிறோம்

மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் கடலோரமாகக் கூடாரம் அடிக்க இடம் தேடினால் முதலில் கண்ணில் படுவது ஹாமலின் குடாவின் படம்தான். வெள்ளை மணல், கண்ணாடி போன்ற நீர், வரிசை கலைந்து நிற்கும் பழைய கடற்பாலத்தின் தூண்கள், முழங்கால் ஆழத்தில் நிழல்போல் நகரும் திருக்கைகள். படத்தைப் பார்த்ததும் பதிவு செய்துவிடுகிறார்கள். ஜனவரிக்குப் பதிவு செய்தவர்கள் மகிழ்ச்சியாகத் திரும்புகிறார்கள். ஜூலைப் பள்ளி விடுமுறைக்குப் பதிவு செய்தவர்கள் இரண்டாம் இரவே நனைந்த கூடாரத்தைச் சுருட்டி காரில் திணித்துக்கொண்டு கிளம்புகிறார்கள். இடத்தில் குற்றமில்லை, மாதத்தில்தான். அங்கே ஜனவரி கோடை, ஜூலை குளிர்காலம்.

பெர்த்திலிருந்து 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல், மூன்றரை மணி நேரப் பயணம். அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர் கடற்கரைக்குள் உருப்படியான தேர்வுகள் நான்கு. மேற்கே பார்க்கும் ஹாமலின் குடா, அகஸ்டா ஊருக்குப் பக்கத்தில் கிழக்கே பார்க்கும் ஃபிளிண்டர்ஸ் குடா, தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் கான்டோ, போரனப் காட்டுக்குள் ஒரு சின்ன முகாம். முதல் இரண்டும் ஒரே மரக் கம்பெனியின் பழைய துறைமுகங்கள். அந்தக் கம்பெனி ஏன் ஒன்றுக்கு இரண்டு துறைமுகம் வைத்திருந்தது என்பதில்தான் நமக்கான விடையும் இருக்கிறது.

கம்பெனி கணக்குப் போட்ட விதம்

அந்தக் கம்பெனியின் சொந்தக்காரர் எம். சி. டேவிஸ் 1882இல் ஹாமலின் குடாவில் கடற்பாலம் கட்டத் தொடங்கினார். உள்ளே கர்ரிடேலிலும் போரனப்பிலும் மரம் அறுக்கும் மில்கள். அங்கிருந்து கர்ரி, ஜாரா என்ற யூகலிப்டஸ் வகை மரங்கள் ரயில் தண்டவாளத்தில் நேரே பாலத்தின் முனைக்கு வந்து கப்பலேறின. லண்டன் வீதிகளில் கல்லுக்குப் பதிலாகப் பாவிய மரக்கட்டைகளில் இந்தக் காட்டு மரமும் உண்டு.

ஆனால் குடாவின் வாய் வடமேற்கே திறந்து கிடக்கிறது. இந்தக் கடற்கரையில் குளிர்காலக் காற்று முதலில் வடமேற்கிலிருந்துதான் அடிக்கும். பாலத்தில் கட்டிய பாய்மரக் கப்பலுக்கு அந்தக் காற்றில் தப்ப வழியில்லை. நங்கூரம் இழுபட்டால் நேரே கரைதான். 1900 ஜூலையில் ஒரே புயலில் மூன்று கப்பல்கள் இங்கே போயின. 1882 தொடங்கி மொத்தம் 11 கப்பல்கள் இந்தக் குடாவில் சிதைந்தன.

அதனால் கம்பெனி தெற்கே ஃபிளிண்டர்ஸ் குடாவிலும் ஒரு பாலம் கட்டி, அங்கும் தண்டவாளம் போட்டது. தென்மேற்குக் கோடியில் கடலுக்குள் நீளும் லூவின் முனையின் நிலப்பகுதி மேற்கே மறைப்பதால் குளிர்காலத்தில் அங்கே கப்பல் நிற்கலாம். கோடையில் தென்கிழக்குக் காற்று எழுந்தால் அது நிம்மதியில்லாத இடமாகிவிடும், அப்போது ஹாமலின். கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று. 1902இல் மில்லர்ஸ் கம்பெனி இந்த மர வியாபாரத்தை விழுங்கிக்கொண்டது. சுற்றியிருந்த காடு தீர்ந்து 1913இல் கர்ரிடேல் மில்லும் மூடப்பட்டது. துறைமுகங்கள் போய்விட்டன, காற்று அப்படியேதான் இருக்கிறது. கப்பலுக்கு நல்லதாக இருந்த மாதம்தான் கூடாரத்துக்கும் நல்ல மாதம். கீழே சொல்வதெல்லாம் இந்தக் கணக்கின் விரிவு.

ஒரு சிறு எச்சரிக்கை: தெற்கிலிருந்து வருவதெல்லாம் தென்றல் என்று நம் மனதில் பதிந்திருக்கிறது. இங்கே தெற்கே அண்டார்க்டிகா வரை நிலமே கிடையாது. பொழுது சாயும் நேரத்துத் தெற்குக் காற்று ஜனவரியிலும் ஸ்வெட்டர் கேட்கும்.

ஹாமலின் குடா: நவம்பர் முதல் ஏப்ரல் வரை

குடாவில் கூடாரம் அடிக்க இருக்கும் ஒரே இடம் கரையை ஒட்டிய தனியார் கேரவன் பார்க். மணல்மேட்டிலோ கார் நிறுத்துமிடத்திலோ இரவு தங்கினால் அபராதம். மின் இணைப்புள்ள இடம், இல்லாத இடம், சிறு குடில்கள் மூன்றும் கிடைக்கும். பெப்பர்மின்ட் மரங்களுக்கு நடுவே இடம் கிடைத்தால் விடாதீர்கள். அவை தாழ்வாகப் படர்ந்து தெற்குக் காற்றையும் வெயிலையும் சேர்த்துத் தடுக்கும். திறந்த புல்தரை இடம் பதிவுத் திரையில் "கடலுக்கு அருகில்" என்று ஆசை காட்டும். கடலுக்கு அருகில் என்றால் காற்றுக்கும் அருகில்தான்.

கோடையில் இங்கே ஒரு நாள் எப்படிப் போகும் என்று தெரிந்துகொண்டால் கூடாரத்தை எந்தத் திசையில் வைப்பது என்பது தானே விளங்கும். காலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு, கிழக்கு அல்லது தென்கிழக்கிலிருந்து வரும். பகலில் நிலம் சூடேறியதும் தெற்கு, தென்மேற்குக்குத் திரும்பி மாலைவரை வலுக்கும். வடக்கிலிருந்து அநேகமாக எதுவும் வராது. ஆகவே கோடையில் கூடார வாசல் வடக்கே, ஒடுங்கிய முதுகுப்பக்கம் தெற்கே. அடுப்பும் வடக்குப் பக்கம். குடாவின் தென்கோடி மேடு தெற்குக் காற்றை ஓரளவு தடுத்துவிடுவதால், பக்கத்துத் திறந்த கடற்கரைகளில் நிற்க முடியாத மாலையிலும் பழைய பாலத்தருகே குழந்தைகள் நீரில் நிற்க முடிகிறது. மரக் கம்பெனி பாலத்தை ஏன் அந்த மூலையில் கட்டியது என்பதும் அங்கே நின்றால் புரியும்.

கடல்நீர் எப்போது குளிக்க இதமாக இருக்கும் என்று கேட்டால் ஜனவரி என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கோடையில் கரையோரமாக வடக்கு நோக்கிக் குளிர்ந்த நீரோட்டம் ஓடும். வடக்கிலிருந்து வெதுவெதுப்பான நீரைக் கொண்டுவரும் லூவின் நீரோட்டம் வலுப்பெறுவது இலையுதிர்காலத்தில். அதனால் மார்ச், ஏப்ரலில் காற்றும் தணிவு, நீரும் இதம். பள்ளி விடுமுறையைச் சாராதவர்கள் ஜனவரியை மற்றவர்களுக்கு விட்டுவிடலாம்.

திருக்கைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இங்கே வருபவை பெரும்பாலும் கருநிறப் பெருந்திருக்கைகள். முதிர்ந்தவை குறுக்கே ஒன்றரை, இரண்டு மீட்டர் அகலம் இருக்கும். சிறிய கழுகுத் திருக்கைகளும் உண்டு. படகுத்துறையில் மீன் கழுவுகிறவர்கள் வீசும் கழிவுக்குப் பழகிப்போய்க் கரைக்கு வருகின்றன. மனிதரைக் கண்டு ஒதுங்காததால் வளர்ப்புப் பிராணிபோல் தோன்றும், ஆனால் வாலில் முள் இருக்கிறது. அவை முள்ளால் குத்துவது மிதிபட்டால், அல்லது மேலிருந்து அழுத்தப்பட்டால். ஆகவே நீரில் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடக்க வேண்டும், அதிர்வு தெரிந்ததும் விலகிவிடும். அது நம்மை நோக்கி வந்தால் அசையாமல் நின்றால் போதும். குழந்தையை அதன்மேல் குனிய விடக் கூடாது. உணவு காட்டிக் கூப்பிடுவதும் வேண்டாம். ஒரு கையில் மீன்துண்டும் மறு கையில் கைப்பேசியுமாக நிற்பவர்தான் இங்கே ஆபத்தைத் தேடிக்கொள்பவர்.

முள் குத்திவிட்டால் காயத்தைப் பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில், ஏறக்குறைய 45 டிகிரி, அமிழ்த்தி வைப்பது வலியைக் குறைக்கும். குத்துப்பட்டவருக்கு வலியில் சூடு சரியாகத் தெரியாது, எனவே இன்னொருவர் கைவிட்டுப் பார்த்த பிறகே அமிழ்த்த வேண்டும். முள் உடலில் தைத்து நின்றால் பிடுங்காதீர்கள். மார்பு, வயிறு, கழுத்து என்றால் யோசிக்காமல் அவசர உதவி எண் 000. பக்கத்துச் சிறு மருத்துவமனை 18 கிலோமீட்டர் தெற்கே அகஸ்டாவில். இந்தக் குடாவில் திருக்கையைப் பிடிக்கத் தடை உண்டு என்பதையும் தூண்டில் கொண்டுபோகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூழ்கிய கப்பல்களில் சில கரையிலிருந்து நீந்திப் போய்ப் பார்க்கும் தொலைவில் உள்ளன. அமைதியான காலை, கடலோட்டம் இல்லாத நாள், கூடவே ஒருவர், கால் துடுப்பு. இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் விட்டுவிடுங்கள். ஒரு ஆணியைக்கூட எடுத்து வரக் கூடாது, இந்தப் பழைய கப்பல்கள் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. பாலத்தின் தூண்களுக்கு நடுவே நீந்துவது படத்துக்கு அழகு. ஆனால் நீர்மட்டத்துக்குக் கீழே முறிந்து நிற்கும் கட்டைகள் அலையில் தெரியாது. மேலிருந்து குதிப்பது அறவே கூடாது.

கரைக்கு வரும் பெரிய விருந்தாளிகளும் உண்டு. 2018 மார்ச் 23 அன்று 150 போல பைலட் திமிங்கிலங்கள் இங்கே கரையொதுங்கின. கடலில் திருப்பிவிட முடிந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். இறந்த திமிங்கிலம் சுறாவை இழுக்கும் என்பதால் அப்போது கடற்கரையை மூடினார்கள். கரையில் திமிங்கிலம் கிடந்தால் நீருக்குள் இறங்காமல் முதலில் தகவல் சொல்லுங்கள்.

ஃபிளிண்டர்ஸ் குடா: குளிர்காலத்துக்கு

இங்கே அதே கூடாரம், ஆனால் கணக்கு தலைகீழ். மே முதல் செப்டம்பர்வரை வடமேற்கிலும் மேற்கிலும் வரும் காற்றை முதுகுப்புற நிலம் தாங்கிக்கொள்கிறது. ஹாமலினில் அலை மணலை அரித்துக்கொண்டிருக்கும் அதே மணியில் இங்கே கரையோர நீர் தட்டையாகக் கிடப்பதைப் பார்க்கலாம். மழை மட்டும் இரண்டு இடத்துக்கும் பொது. ஆண்டுக்கு 1,000 மி.மீ. அளவில் பெய்யும் பகுதி, அதில் பெரும்பங்கு இந்த மாதங்களில்.

ஊர் எட்டும் தூரத்தில் இருப்பது குளிர்காலத்தில் பெரிய வசதி. பால், பெட்ரோல், மருந்து, நனைந்த துணிக்கு உலர்த்தும் இயந்திரம் எல்லாம் அகஸ்டாவில். ஹாமலினில் இருந்தால் இவை ஒவ்வொன்றுக்கும் போகவர 36 கிலோமீட்டர். ஃபிளிண்டர்ஸ் குடாவிலும் பிளாக்வுட் ஆற்று முகத்திலும் கேரவன் பார்க்குகள் இருக்கின்றன. குடாவில் உள்ளது எந்தெந்த மாதம் திறந்திருக்கும் என்பதைத் தேதி குறிக்கும் முன் பார்த்துவிடுங்கள். மூடியிருந்தால் ஆற்று முகத்துப் பார்க்கும் அதே மறைவில்தான் இருக்கிறது.

குளிர்காலத்தில் இங்கே வர இன்னொரு காரணம் திமிங்கிலங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட்வரை கூன்முதுகுத் திமிங்கிலங்களும் தென்கடல் வலத்திமிங்கிலங்களும் இந்தக் குடாவுக்குள் வந்து நிற்கும், கரையிலிருந்தே தெரியும். காலை வெயில் பின்னால் இல்லாமல் கண்ணுக்கு நேரே அடிப்பதால் முற்பகலைவிடப் பிற்பகலில் தேடுவது எளிது. 1986 ஜூலையில் 114 போலிக் கொலைத்திமிங்கிலங்கள் அகஸ்டா கரையில் ஏறியபோது ஊர்மக்களும் தொண்டர்களும் நீரில் நின்று 96ஐக் கடலுக்குத் திருப்பினார்கள். ஹாமலினில் நடந்ததோடு ஒப்பிட்டால் இது அதிசயம்.

சின்னக் குழந்தைகள் இருந்தால் கிரானிஸ் பூல் என்று பாறைகள் வளைத்த ஆழமில்லாத நீர்நிலை ஒன்று இங்கே இருக்கிறது. அதை மட்டும் வைத்துப் பார்த்தால் கோடையிலும் ஃபிளிண்டர்ஸ் குடா வெல்லும். ஆனால் கோடைக் காலையின் தென்கிழக்குக் காற்று நேரே முகத்தில் அடிக்கும். காற்று பத்து மணிக்கு முன் அடங்காத நாளில் காலை உணவு மணலோடுதான்.

படகு கொண்டுவருபவர்களுக்கு வேறு கணக்கு. 2014இல் திறந்த அகஸ்டா படகுத்துறைக்கு அலைதடுப்புச் சுவர் இருக்கிறது. ஹாமலினில் அந்தப் பாதுகாப்பு கிடையாது, கடல் கொந்தளித்தால் படகை ஏற்றுவதற்குள் பாடாய்ப் போய்விடும். ஹாமலினில் தங்கினாலும் படகை அகஸ்டாவில் இறக்குவது கெட்ட யோசனை அல்ல. 6 குதிரைச்சக்திக்கு மேற்பட்ட மோட்டார் என்றால் படகோட்டும் உரிமமும், படகிலிருந்து தூண்டில் போடத் தனி உரிமமும் வேண்டும். இந்தக் கடல் ங்காரி கேப்ஸ் (Ngari Capes) கடல் பூங்காவுக்குள் வருவதால் மீன்பிடிக்கத் தடைசெய்த பகுதிகள் உண்டு, வரைபடத்தைக் கைப்பேசியில் முன்பே இறக்கிக்கொள்ளுங்கள்.

கடலே வேண்டாம் என்றால்: கான்டோ, போரனப்

கேரவன் பார்க்கின் குளியலறை, சமையல் கூடம், பக்கத்துக் கூடாரத்துப் பாட்டு எதுவும் வேண்டாம், கட்டணமும் குறைவாக இருக்கட்டும் என்பவர்களுக்குத் தேசியப் பூங்கா முகாம்கள். கான்டோ பெரியது, லேக் குகைக்குப் பக்கத்தில், கடல் மணல்மேட்டுக்கு உட்புறம். கழிப்பறை இருக்கும், மின்சாரம் இருக்காது. குடிநீரை நம்பிப் போகக் கூடாது. சமையல், குடிப்பு, பாத்திரம் கழுவ ஆளுக்கு ஒரு நாளைக்கு 7 லிட்டர் வைத்துக்கொண்டால் திண்டாட்டம் வராது. நாலு பேர், மூன்று இரவு என்றால் 10 லிட்டர்க் கேன்கள் ஒன்பது. பதிவு அரசுத் தளத்தில்தான், வாசலில் பணம் கட்டி நுழையலாம் என்று போனால் நீண்ட வார இறுதியில் திரும்பி வர வேண்டியதுதான். நாய்க்கு அனுமதி இல்லை. நரி, பூனைக்காக 1080 என்ற நஞ்சு கலந்த இரையைக் காட்டில் போடுகிறார்கள், நாய் ஒரு கடி கடித்தாலே போதும்.

போரனப் முகாம் மிகச் சிறியது. அதன் கவர்ச்சி மரங்கள். 60 மீட்டர்வரை நிமிர்ந்து நிற்கும் வெளிர்பட்டைக் கர்ரி மரங்கள். பார்ப்பவர்கள் ஆதிகாடு என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை, டேவிஸின் ஆட்கள் வெட்டித் தீர்த்த பிறகு முளைத்து வந்த காடு இது. ஹாமலின் பாலத்தில் கப்பலேறிய மரங்களின் அடுத்த தலைமுறை. கர்ரி பெருமளவில் வளரும் பகுதி இங்கிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே. இங்கே மட்டும் தனித் தீவுபோல் ஒரு துண்டு.

அழகு இருக்கட்டும், கூடாரத்தைக் கர்ரி மரத்தின் நேர் கீழே அடிக்காதீர்கள். காற்றே இல்லாத வெயில் நாளிலும் இவை கனத்த கிளையை முறித்துப் போடும். மேலே பாருங்கள், வெளியே நீண்ட காய்ந்த கிளை தெரிந்தால் அந்த இடம் வேண்டாம். கீழே விழுந்து கிடக்கும் துண்டுகளின் பருமனைப் பார்த்தாலே சேதி தெரியும். குளிர்காலப் புயல் அறிவிப்பு இருக்கும் இரவில் போரனப் நான்கு இடங்களிலும் மோசமானது, கோடைச் சூட்டில் மிகக் குளுமையானது. உள்ளே போகும் சாலை செம்மண், கேரவன் இழுத்துக்கொண்டு போக உகந்தது அல்ல.

நடைபயணிகளுக்கு ஒரு வரி: வடக்கே நேச்சுரலிஸ்ட் முனையையும் தெற்கே லூவின் முனையையும் இணைக்கும் கேப் டு கேப் நடைபாதை கான்டோவையும் ஹாமலினையும் தொட்டுத்தான் போகிறது. ஹாமலினில் ஒரு இரவு குளியல், சலவை வைத்துக்கொண்டால் அடுத்த நாள் டீப்டீன் மணல் நடைக்குக் கால் ஒத்துழைக்கும்.

கூடாரம் பிடுங்கிக்கொண்டு போவது ஏன்

ஹாமலினில் பெரும்பாலும் தளர்ந்த கடல்மணல். கூடாரத்தோடு கடையில் தரும் 18 செ.மீ. கம்பி முளை இதில் வெண்ணெயில் குத்திய ஊசி. 30 செ.மீ.க்குக் குறையாத, அகன்ற மணல் முளை வேண்டும். கூடாரத்திலிருந்து விலகிச் சாய்ந்த தலையோடு, 45 டிகிரியில், தலை மட்டும் தெரியும்படி இறக்க வேண்டும். அதுவும் நிற்கவில்லையானால் ஒரு துணிப்பையில் ஐந்து கிலோ மணல் நிரப்பிக் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்தில் புதைத்து, மேலே மிதித்து இறுக்குங்கள். எந்த முளையும் இதற்கு ஈடாகாது. கான்டோவில் நேர்மாறு, மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புப் பாறை. பிளாஸ்டிக் முளை உடையும். 25 செ.மீ. எஃகு முளையும் சுத்தியலும் கொண்டுபோங்கள்.

முதலில் உடைவது கூடாரம் அல்ல, நிழலுக்குப் போடும் நாலுகால் பந்தல். மதியம் காற்றில்லாதபோது கட்டுகிறார்கள், நாலு மணிக்குத் தெற்குக் காற்று எழும்போது எல்லோரும் கடலில் இருக்கிறார்கள். திரும்பி வந்து பார்த்தால் பந்தல் பக்கத்துக் காரின்மேல் கிடக்கும். கடலுக்குப் போகும்போது துணியைக் கழற்றிவிடுங்கள், இரவில் கட்டாயம்.

வானிலை ஆய்வகத்தின் கடலோர அறிக்கையில் "லூவின் கடற்கரை" என்ற பகுதியைப் பாருங்கள், காற்று வேகம் நாட் கணக்கில் இருக்கும் (ஒரு நாட் மணிக்கு ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர்). 15 நாட் வரை கவலையில்லை. 20ஐத் தாண்டினால் பந்தல் கூடாது, எல்லா இழுகயிறும் கட்ட வேண்டும். பலத்த காற்று எச்சரிக்கை 26இல் தொடங்கும், அப்போது குடும்பக் கூடாரத்தில் இருப்பதைவிடக் குடில் எடுப்பது நல்லது. அறிக்கையில் உள்ளது சராசரி வேகம், வீச்சு அதைவிட 40 சதவீதம் வரை கூடலாம் என்பதை மறக்கக் கூடாது.

குளிர்காலத்தில் காற்று ஒரே திசையில் நிற்காது. முதலில் வடக்கு, வடமேற்கிலிருந்து ஈரப்பதத்தோடு சற்று வெதுவெதுப்பாக வீசும். "பரவாயில்லையே" என்று தோன்றும் நேரம் அதுதான். பிறகு மழை கொட்டும், சில நிமிடங்களில் காற்று மேற்கு, தென்மேற்குக்குத் தாவிக் குளிரும். வடமேற்கை மட்டும் எண்ணிக் கட்டிய கூடாரம் இந்தத் தாவலில்தான் பக்கவாட்டில் அடிவாங்கிக் கம்பு வளைகிறது. குளிர்கால வாசல் கிழக்கே இருக்கட்டும், இரண்டு திசைக்கும் பொருந்தும்.

அடுப்பும் மின்சாரமும்

இந்தப் பகுதி நெருப்பை மறந்த இடம் அல்ல. பழைய கர்ரிடேல் ஊர் 1961 காட்டுத்தீயில் எரிந்தது. கோடையில் விறகு மூட்ட அனுமதி இருக்காது. முழுத் தீத்தடை அறிவித்த நாளில் விறகு, கரி போடும் எந்த அடுப்பும் கூடாது. "எமர்ஜென்சி டபிள்யூஏ" செயலியைக் காலையில் ஒருமுறை பார்ப்பதை வழக்கமாக்குங்கள். தீ அபாய அளவு "கேட்டஸ்ட்ராஃபிக்" என்று வந்தால் அதற்கு முந்தைய இரவே கிளம்பிவிட வேண்டும். கான்டோ, போரனப்பில் வெளியேறும் வழி காட்டுக்குள்தான். ஹாமலினில் குறைந்தபட்சம் ஒரு பக்கம் கடல்.

கைப்பெட்டி போன்ற பியூட்டேன் அடுப்பில் பத்துப் பேருக்குப் பிரியாணி அண்டா ஏற்றுவது நம்மவர்கள் செய்யும் வழக்கமான பிழை. அண்டாவின் அடிப்பாகம் சிலிண்டர் அறையின்மேல் நீண்டு வெப்பத்தைக் கீழே திருப்பும், காற்றுக்கு மறைப்பு வைத்துச் சுற்றிலும் அடைத்தால் இன்னும் மோசம். சிலிண்டர் வெடிக்கும். பாத்திரம் அடுப்பின் தாங்கியைத் தாண்டக் கூடாது. பெரிய சமையலுக்கு 4 அல்லது 9 கிலோ சிலிண்டரோடு தரையில் நிற்கும் அடுப்புதான் சரி. குளிர்காலக் காலையில் பியூட்டேன் சரியாக ஆவியாகாமல் தீ சோர்ந்துபோகும், அதற்கும் இதுவே மருந்து. மழைக்குப் பயந்து கூடாரத்துக்குள் அடுப்பையோ கரியையோ கொண்டுபோக வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழமாட்டார்.

மின் இணைப்புள்ள இடம் எடுத்தவர்களுக்கு: கம்பத்தில் இருப்பது 15 ஆம்ப் சாக்கெட். வீட்டு 10 ஆம்ப் நீட்டுக்கம்பியும் பலசாக்கெட் பட்டையும் புல்லில் போடுவது ஈரத்தில் ஆபத்து. 15 ஆம்ப் கேரவன் கம்பியும், கசிவு மின்தடுப்பு உள்ள வெளிப்புறப் பெட்டியும் வாங்கிக்கொள்ளுங்கள். கம்பியைச் சுருள் முழுவதும் அவிழ்த்துப் போட வேண்டும், சுருட்டியபடி ஹீட்டர் ஓட்டினால் உருகும்.

எந்த மாதத்துக்கு எது

இந்த மண்ணின் நூங்கர் மக்கள் ஆண்டை ஆறு பருவமாகப் பிரிக்கிறார்கள். நான்கு பருவக் கணக்கைவிட முகாமுக்கு இதுதான் பொருந்துகிறது. டிசம்பர், ஜனவரியின் பிராக்கில் ஹாமலின், ஆனால் பல மாதம் முன்பே இடம் பிடித்திருந்தால் மட்டும். கிடைக்கவில்லையானால் கான்டோ. பிப்ரவரி, மார்ச்சின் பனுருவில் யோசிக்கவே வேண்டாம், ஹாமலின். ஏப்ரல், மே ஜெரான் பருவம். காற்று அடங்கி, நீர் இதமாகி, இரவு பனி விழத் தொடங்கும் இந்த ஆறேழு வாரம்தான் ஹாமலினின் உச்சம். சால்மன் மீன் கூட்டமாக வருவதும் ஏறக்குறைய இப்போதுதான். மீன் வந்தால் சுறாவும் வரும், ஈஸ்டரில் தூண்டில்காரர்களும் வருவார்கள். பாறையில் நின்று தூண்டில் போடுவது மட்டும் வேண்டாம், திடீர் அலை சொல்லிக்கொண்டு வராது. மே பாதிக்குமேல் முதல் புயல்மழை தொடங்கிவிடும், அங்கிருந்து ஹாமலின் வேண்டாம்.

ஜூன், ஜூலையின் மக்குருவிலும் ஆகஸ்ட், செப்டம்பரின் ஜில்பாவிலும் அகஸ்டா பக்கம், முடிந்தால் குடில். மழை விடாத நாளுக்கு ஜூவல் குகை பக்கத்திலேயே இருக்கிறது. அக்டோபர், நவம்பரின் கம்பாரங்கில் நான்கும் ஒத்துவரும். காட்டுப்பூ பார்க்கக் கான்டோவும் போரனப்பும் முந்தும், பாம்புகளும் இப்போதுதான் வெயில் காய வெளிவரும். டைகர், டுகைட் இரண்டும் நஞ்சுள்ளவை. இரவில் கழிப்பறைக்கு மூடிய காலணியும் டார்ச்சும்.

எந்த இடமானாலும் இருட்டும் முன் போய்ச் சேரும்படி பெர்த்திலிருந்து கிளம்புங்கள். கேரவன் இழுப்பவர்கள் அழகான கேவ்ஸ் சாலையை விட்டுவிட்டு பசல் நெடுஞ்சாலையில் கர்ரிடேல் வரை வந்து திரும்புவது நல்லது. போரனப் வளைவுகள் குறுகல், எதிரே இன்னொரு கேரவன் வந்தால் ஒதுங்க இடமில்லை. அந்தி நேரத்தில் கங்காரு சாலையோரம் நிற்கும். ஒன்று கடந்துபோனதும் வேகம் எடுக்காதீர்கள், பின்னால் இன்னொன்று வரும்.